செவ்வாய்க்கிழமைச் சவரம்

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம் கிட்ட. அங்கன உக்காந்தா எனக்குக் கண்ணு தெரியாது. நீங்க வாடகைக்குக் கேட்டு வந்த மாடி ரூம் எங்கயும் ஓடிப் போகாது, சாவி என் மடியிலதான் இருக்கு. முதல்ல அந்தக் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்புங்க. ம். வாசல்ல நிக்கையிலயே நினைச்சேன். மோவாய்க்குக் கீழ பொரிப்பொரியாச் செவந்து நிக்கி பாருங்க. எதிர்வாட்டத்துல இழுத்திருக்கீங்க. எரியுதா? எரியும். வேர்வை பட்டா இன்னும் எரியும்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்லுதேன்.

என் பேரு தெய்வநாயகம். ஆனா கோவில்பட்டியில அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. மருந்துக்கார அண்ணாச்சின்னு கேக்கணும். டாக்டர் இல்ல, பயந்துராதீங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பத்தெட்டு வருசம் குச்சிக்கு மருந்து கலக்கினவன். பசையைக் காய்ச்சி, பொடியைத் தூவி, அடி பிடிக்காம கிண்டி இறக்கணும். ஒரு பொடி கூடினா பத்திக்கிரும், ஒரு பொடி குறைஞ்சா உரசினாலும் பத்தாது. நான் படிச்சது மூணாம் வகுப்பு. கலக்கக் கத்துக்கிட்டது கையால. அதனால கலக்குற வேலைன்னா எனக்கு ஒரு திமிரு உண்டு. அதை ஒத்துக்கிடுதேன்.

நம்ம மார்க்கெட் ரோட்டுல சேர்மராசுன்னு ஒருத்தன் சலூன் வச்சிருக்கான். இருபத்தாறு வருசம் அவன்கிட்டதான் எனக்குச் சவரம். திங்கள், புதன், சனி. கெட்டிக்காரன். தொழில்லயும் கெட்டிக்காரன், பேச்சுலயும் கெட்டிக்காரன். கன்னத்தைப் பிடிச்சு அப்படி ஒரு திருப்பு, இப்படி ஒரு திருப்பு, அந்த ரெண்டு திருப்புக்குள்ள ஊர்ச் சமாச்சாரம் முழுக்கச் சொல்லிருவான். என் வீட்டுக்காரி பகவதி தவறி மூணு வருசம் ஆகுது. மக பூனாவுல இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. "சாப்பிட்டீங்களாப்பா?"ம்பா. "சாப்பிட்டேன்"ம்பேன். "சரிப்பா"ம்பா. நல்ல பிள்ளை. மத்தபடி என்கிட்டப் பேசுறதுன்னா அந்தச் சலூன்தான். செவ்வாய்க்கிழமை எங்க ஊர்ல எந்தச் சலூனும் திறக்க மாட்டாங்க, அன்னைக்கு யாரும் மயிர்ல கத்தி வைக்க மாட்டாங்க. அன்னைக்கெல்லாம் நான் காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். சாயந்தரம் பால்காரன்கிட்ட "அரை லிட்டர்"னு சொல்லையில குரலே வராது, செருமிக்கிட்டுச் சொல்லணும்.

அதுக்காக நான் பேச்சுக்கு ஏங்கி அங்க போனேன்னு நினைச்சிராதீங்க. சவரத்துக்குத்தான் போனேன்.

போன ஆவணியில ஒரு சனிக்கிழமை. முகூர்த்த நாளு. எனக்குச் சோப்புப் போட்டு நுரை எல்லாம் ஏத்தியாச்சு. அந்த நேரம் பாத்து ஒரு கல்யாண வீட்டுக்காரங்க ஆறேழு பேரு திமுதிமுன்னு உள்ள வாராங்க. மாப்பிள்ளைக்கு வண்டி நிக்குதாம். சேர்மராசு என் காதுகிட்டக் குனிஞ்சு சொல்லுதான்:

"அண்ணாச்சி, நீங்க வீட்டுல சும்மாதான இருக்கீங்க. இவங்களை அனுப்பிட்டு உங்களுக்கு நிதானமாப் பண்ணுதேன். செத்த அந்தப் பெஞ்சுல உக்காருங்க."

சும்மாதான இருக்கீங்க!

நீங்களே சொல்லுங்க தம்பி, நான் சும்மாவா இருக்கேன்? காலையில எந்திரிக்கேன். தண்ணி பிடிக்கேன். செடிக்கு ஊத்துதேன். பேப்பர்ல ரெண்டு பக்கம் எழுத்துக் கூட்டிப் படிக்கேன். சோறு வைக்கேன், சாப்பிடுதேன், தட்டைக் கழுவுதேன். அதுக்குள்ள மத்தியானம் ஆயிருது. இதுக்குப் பேரு சும்மாவா?

அந்தக் கல்யாணக்காரப் பயலுகள்ல ஒருத்தன் சிரிச்சான். அதான் என்னைக் கிளப்பி விட்டது. எந்திரிச்சேன். "வீட்டு வாசலோட நிக்கிற பயலுக்குப் பேச்சைப் பாரு"ன்னுட்டேன். "வாசல் தாண்டுறதுக்கு யோக்கியதை இல்லாத பய எனக்கு இடம் காட்டுதான்"னேன்.

அது ஒண்ணும் பெரிய வார்த்தை இல்ல. உள்ளதைத்தான் சொன்னேன். கல்யாணம், கருமாதின்னு எங்க வீட்டுக்கு வந்தா அவன் வாசலோட நிப்பான். அவங்க அப்பனும் அப்படித்தான் நின்னான். பகவதி காப்பியை வாசல்ல கொண்டுபோய்க் கொடுப்பா. அது ஒரு பழக்கம், யாரும் யாரையும் குறைச்சு நினைக்கிறதில்ல. கோவத்துல வாயில வந்துட்டு, அம்புட்டுதான்.

அவன் சோப்புப் பிரஷ்ஷைக் கிண்ணத்துல வச்சான், சத்தம் வராம வச்சான். "சரி அண்ணாச்சி"ன்னான். நான் மூஞ்சி நிறைய நுரையோட மார்க்கெட் ரோட்டுல நடந்து வீட்டுக்கு வந்தேன். ஒருத்தன் கேட்டான், "என்ன அண்ணாச்சி, பாதியில பாலு பொங்கிருச்சா?"ன்னு. கேக்கட்டும்.

அன்னையில இருந்து என் கையே எனக்கு உதவின்னு ரேசர் வாங்கிட்டேன். எழுபத்தொரு வயசுல முதல் தடவையா என் முகத்தை நானே வழிக்கேன். முதல் நாளே மூணு இடத்துல வெட்டு. நாலாம் நாள் உங்களுக்கு இருக்கு பாருங்க, அதே பொரி. கடையில ட்யூப் ஒண்ணு வாங்கிப் போட்டேன், மிளகாயை அரைச்சுத் தேய்ச்ச மாதிரி ஆயிப்போச்சு. தூர எறிஞ்சேன். தீக்குச்சிக்கே மருந்து கலக்கினவன், என் மூஞ்சிக்குக் கலக்க மாட்டேனா?

அதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பய என்னைப் பாக்கையில என் முகம் வழுவழுன்னு இருக்கணும். அவன் இல்லாம நான் கெட்டுப் போகலைன்னு அவனுக்குத் தெரியணும்.

முதல்ல கத்தாழை. நம்ம வாசல் நிலையில கண்ணு படாம இருக்கத் தலைகீழாக் கட்டித் தொங்க விட்டிருந்தேன், அதுல ரெண்டு மடலை அறுத்துச் சோத்தை வழிச்சுப் பூசினேன். ஒரே அரிப்பு. எதுத்த வீட்டுக் கனகவல்லி அங்கிருந்து சத்தம் போடுதா: "என்ன மாமா, கண்ணு படாம இருக்கக் கட்டினதைப் பிடுங்கி மூஞ்சியில பூசிக்கிட்டு அலையுதீக! அறுத்தா மஞ்சப் பாலு வடியும்லா, அதை வடிய விட்டு, ஏழு தண்ணியில அலசிட்டுல்லா எடுக்கணும்!" அது எனக்கு யாரு சொன்னா? மறுநா மடலை நிமித்தி வச்சுப் பாலை வடிய விட்டு, அலசி எடுத்தேன். அரிப்பு நின்னுட்டு.

நுரைக்குப் பூந்திக்கொட்டையை ஊறப் போட்டுக் கொதிக்க வச்சேன். நுரை நல்லாத்தான் வந்துச்சு. கண்ணுல ஒரு சொட்டு பட்டு ரெண்டு நாளைக்குக் கண்ணு பழம் மாதிரி இருந்தது. அப்புறம் வெட்டுக்காயத்துக்குப் படிகாரம். கை திமிருல கொஞ்சம் கூடக் கரைச்சுட்டேன். முகம் மேளத்துத் தோலு கணக்கா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு. சிரிக்க முடியல. அதுவே எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது, சிரிக்கிறதுக்கு ஒண்ணும் நடக்கலைல்ல.

இப்படியே கூட்டிக் குறைச்சு, கத்தாழைச் சோறு, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், வெட்டிவேர் ஊறின தண்ணி, கடுகளவு படிகாரம்னு ஒரு பக்குவத்துக்கு வந்தேன். ஆனா தண்ணியா ஓடுது. கெட்டிக்கு ஒரு பொடி வேணும். அடுப்படி அலமாரியில தேடுதேன். மேல் தட்டுல, பின்னால, பகவதி வச்சிருந்த ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மஞ்சப் பொடி. மூணு வருசமா நான் அதைத் தொடல. தொடக் கூடாதுன்னு இல்ல, வேலை வரல.

மூடியைத் திறந்தேன்.

அவ குளிச்சிட்டு ஈரத் தலையோட அடுப்படிக்குள்ள வருவா பாருங்க, அந்த வாசனை. கஸ்தூரி மஞ்சளோ, பூலாங்கிழங்கோ, என்னென்னவோ அரைச்சு வச்சிருக்கா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பூந்திக்கொட்டைத் தண்ணி கையில இருந்திருக்கும், அதான் பட்டிருக்கும். அப்படியே தரையில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் ஒரு கரண்டி எடுத்துக் கலக்கினேன். வெண்ணெய் மாதிரி நின்னுச்சு. சவரம் பண்ணிட்டுப் பூசினா எரிச்சல் போன இடம் தெரியல. கொஞ்சம் மஞ்சளாத் தெரியும், அவ்வளவுதான். டீக்கடையில ஒருத்தன், "அண்ணாச்சிக்குச் சடங்கு வச்சிருக்கோ"ன்னான். போடான்னுட்டு வந்துட்டேன். காலையில பூசினா மத்தியானம் வரைக்கும் வீட்டுல அந்த வாசனை நிக்கும். அது சும்மா ஒரு கூடுதல் லாபம். நான் பூசினது எரிச்சலுக்கு.

ஐப்பசியில ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில ஒரு பத்து மணி இருக்கும். வாசல்ல செருமல் சத்தம். பாத்தா சேர்மராசு. வெள்ளைச் சட்டை, கையில ஒரு காலிப் பாட்டில்.

"என்னடே?"ன்னேன். குரல் கம்மிப் போய் வருது, அன்னைக்கு அதுதான் முதல் பேச்சு.

"அண்ணாச்சி, முகம் பளபளன்னு இருக்கு. ஊரே பேசுது. ஏதோ மருந்து கலக்குதீகளாமே?"

"கலக்குதேன். உனக்கு என்ன?"

"ஒரு கஸ்டமருக்கு முகமெல்லாம் எரிச்சல் அண்ணாச்சி. கடையில உக்காத்தி வச்சுட்டு ஓடி வாரேன். கொஞ்சம் கொடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

பாத்தீங்களா! கடையில கஸ்டமரை உக்காத்தி வச்சுட்டு என்கிட்ட ஓடி வாரான். எம்புட்டு வீம்பு பேசினவன், வந்துட்டான்ல வழிக்கு? ஏன் சிரிக்கீங்க? கன்னம் எரியுதா? சரி.

கொடுத்தேன். வாங்கி மூடியைத் திறந்து மோந்து பாத்தான். கொஞ்ச நேரம் மூடவே இல்ல. "பகவதியக்கா வாசனை அடிக்குது"ன்னான். நான் அந்தப் பக்கம் திரும்பிச் செடியைப் பாத்துக்கிட்டேன். அப்புறம் அவனே சிரிச்சான். "அண்ணாச்சி, இதுல குப்பைமேனி கெடக்கு. இது பொம்பளைங்க மீசை முளைக்காம இருக்கப் பூசுறது. இதைக் கடையில எல்லாப் பயலுக்கும் பூசினா ஒருத்தனுக்கும் தாடி முளைக்காது. நான் கடையைப் பூட்டிட்டு எங்க போக?"

"வேண்டாம்னா வச்சுட்டுப் போ"ன்னேன்.

"வேணும், வேணும்"னு நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டான். "அடுத்த வாரமும் வேணும்."

அடுத்த செவ்வாயும் வந்தான். அதுக்கடுத்த செவ்வாயும் வந்தான். நான் சொல்லித்தான் கொடுப்பேன், "இது அஞ்சு நாளுதான் தாங்கும், அதுக்கு மேல புளிச்சிரும்"னு. தலையை ஆட்டுவான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுவான். யாருக்குப் பிள்ளை பொறந்துச்சு, எவன் வட்டிக்கு வாங்கிட்டு ஓடிட்டான், எந்த மாப்பிள்ளை மீசையை எடுக்க மாட்டேன்னு மல்லுக்கு நின்னான், எல்லாம். ஒரு தடவை வெயில் கொளுத்துதுன்னு, "உள்ள வாயேன்டே"ன்னேன். "இருக்கட்டும் அண்ணாச்சி, எனக்கு வாசலே போதும்"னான். மரியாதை தெரிஞ்ச பய. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு இப்போ சோலி வந்துட்டு தம்பி. ஞாயித்துக்கிழமை வெட்டிவேர் ஊறப் போடணும். திங்கக்கிழமை கத்தாழையைப் பாலு வடிய விடணும். செவ்வாய்க்கிழமை விடியக்காலை கலக்கணும், பாட்டிலைச் சுடுதண்ணியில கழுவணும். மக போன்ல "என்னப்பா பண்ணுதீங்க"ன்னு கேட்டா, "வேலை கிடக்கும்மா, வை"ம்பேன். அவளுக்கே ஆச்சரியம்.

அவன் கடைக்கு நான் போகல, வைராக்கியம்னா வைராக்கியம்தான். ஒரு நாள் பஸ்ஸுல அந்த வழியாப் போகையில ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். கண்ணாடிக்கு மேல தட்டுல என் பாட்டில் எல்லாம் வரிசையா நிக்கி. மூடி திறக்காம, முழுசா, மஞ்ச மஞ்சளா. பரவாயில்லையே, ஸ்டாக் வச்சு ஓட்டுதான். வியாபாரம் தெரிஞ்சவன்.

போன வாரம் பகவதி பாட்டில்ல கரண்டி விட்டேன், அடி தட்டிருச்சு. சுரண்டினேன். ஒரு பாட்டில் கலக்கத்தான் வந்தது. அதை அந்தச் செவ்வாயே அவனுக்குக் கொடுத்துட்டேன். எனக்குன்னு எடுத்து வைக்கல. அது ஏன்னு கேக்காதீங்க. அவ என்ன கணக்குல அரைச்சான்னு எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருசம் மருந்து கலக்கினவன், எங்க வீட்டு அடுப்படியில அவ என்ன கலக்கினான்னு ஒரு நாள் கேட்டதில்ல.

வாரம் பூரா ஒரே யோசனை. பொடி இல்லேன்னா மருந்து இல்ல. மருந்து இல்லேன்னா அவன் எதுக்கு வாரான்? வராட்டிப் போறான், எனக்கு என்ன, நான் இல்லாம அவன் கடைதான் கஷ்டப்படும்னு நினைச்சுக்கிட்டேன். ஆனாலும் ஞாயித்துக்கிழமை பழக்கத்துல வெட்டிவேரை ஊறப் போட்டுட்டேன். போட்டதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

நேத்துச் செவ்வாய்க்கிழமை. வந்தான். மூணு நாள் தாடியோட வந்தான், நான் பாத்ததே இல்ல அவனை அப்படி. துக்க வீடோன்னு நினைச்சேன்.

"இனிமே இல்லடே"ன்னேன். "பொடி தீந்துட்டு. பகவதி அரைச்சது. எனக்கு அது தெரியாது."

கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னான். "அப்போ நான் அடுத்த வாரம் வர வேண்டாமா அண்ணாச்சி?"

"எதுக்கு வரணும்? உனக்குக் கடை இருக்கு, சோலி இருக்கு."

வாயில அதுதான் வந்தது. உள்ள வேற ஒண்ணு இருந்தது, அது வரல. நான் செடியைப் பாத்தேன். அவன் போற செருப்புச் சத்தம் கேக்கும்னு காத்துக்கிட்டு நின்னேன். கேக்கல. கேட்டு திறக்குற சத்தம் கேட்டது.

உள்ள வந்துட்டான் தம்பி. முத்தத்தைத் தாண்டி, நிலையைத் தாண்டி, குனிஞ்சு இந்த அறைக்குள்ள வந்துட்டான். அவங்க அப்பன் காலத்துல இருந்து அவங்க ஆளுக யாரும் வராத இடம். நடு அறையில நின்னு சுத்துமுத்தும் பாத்தான். நாற்காலியை இழுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராப் போட்டு, நேரா உக்காந்துட்டான்.

"எனக்குச் சவரம் பண்ணி விடுங்க அண்ணாச்சி"ன்னான்.

"ஏல, செவ்வாய்க்கிழமைடே இன்னைக்கு! கத்தி வைக்கலாமா?"

"மத்த நாள் எனக்கு எங்க நேரம்? ஊருக்கெல்லாம் நான் பண்ணுதேன். எனக்கு யாரு பண்ணுதா?"

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் இன்னொருத்தன் முகத்தைத் தொட்டதில்ல. அதுவும் அவனுக்கு, நானு! பாட்டன் காலத்துல இருந்து யாரு யாருக்குப் பண்ணினது, இப்போ யாரு யாருக்குப் பண்ணுறது? வெளிய கனகவல்லி வேற நின்னுக்கிட்டு இருக்கா, நேராத் தெரியும். அவன் அவசரப்படுத்தல. கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், அவன் கடையில நான் உக்காந்திருப்பேன் பாருங்க, அப்படி.

பொடி இல்லாத மருந்தைக் கலக்கினேன். தண்ணியாத்தான் இருந்தது. வெந்நீர் வச்சேன். புது பிளேடு மாட்டினேன். கழுத்தைச் சுத்தித் துண்டைக் கட்டினேன். "நல்லா ஊற விடுங்க அண்ணாச்சி, அவசரம் இல்ல"ன்னுட்டுக் கண்ணை மூடிட்டான். கொஞ்ச நேரத்துல லேசாக் குறட்டை.

ஒரு கன்னத்தை வழிச்சேன். வலது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு, காதுக்குக் கீழ ஒரு மச்சம், தாடியில பாதிக்கு மேல நரை. இருபத்தாறு வருசமா என் முகத்தை அவன் பாத்துக்கிட்டு இருக்கான் தம்பி. அவன் முகத்தை நான் பாத்ததே இல்ல. அந்தக் கண்ணாடியில நான் என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

தூங்குதான்தானன்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துக்கிட்டேன். குறட்டை வருது. அப்புறம், ரொம்ப மெதுவா, எனக்கே கேக்காத மாதிரி சொன்னேன்:

"சேர்மராசு, அன்னைக்குக் கடையில நான் சொன்னது தப்புடே. வாசல்னு சொன்னேன்ல, அது தப்பு. மனசுல வச்சுக்கிடாத."

குறட்டை நின்னு போச்சு.

கண்ணைத் திறக்கல. தலையைப் பின்னால சாச்சு, மோவாயை மெல்ல மேல தூக்கி, கழுத்தை முழுசா என் கத்திக்குக் காட்டினான்.